பிஸ்டன் ஜாம்!

"பிஸ்டன் ஜாம் ஆயிடுச்சு மாஸ்டர். எல்லாரும் எறங்குங்க!"

ஜீப்னி வேனின் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டபடி கத்தினான் டிரைவர் பவுஸ்தோ. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பேண்டுக்காரர்கள் பதினாறு பேரும் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள்.

பேண்டு மாஸ்டர் அன்செல்மோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குப் பக்கத்து ஊரில் புனித இசித்ரோ திருவிழா ஊர்வலம். தாமதமானால் போட்டி பேண்டு முன்வரிசையில் புகுந்துவிடும்.

"குறுக்கு வழின்னு இந்தத் தெருவுக்குள்ள வந்தியே, உன்னைச் சொல்லணும்! என் டிரம்பெட்லயும்தான் மூணு பிஸ்டன் இருக்கு. இருபது வருஷத்துல ஒரு நாள் ஜாம் ஆயிருக்கா?"

"உங்க பிஸ்டன் விரலால அமுக்கினா எறங்கும், விட்டா ஏறும். காத்துக்கு வழி மாத்தி விடுற சொகுசு வேலை. எம் பிஸ்டன் நெருப்புல நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் தடவை குதிக்குது மாஸ்டர். சூடு ஆற அரை மணி நேரமாவது ஆகும்."

"அரை மணி நேரமா! அதுவரைக்கும் நாங்க தெருவுல நின்னு வேடிக்கை பார்க்கணுமா?"

"வாசிச்சுப் பழகுங்களேன். மார்ச் பாட்டு வேணாம், காதல் பாட்டா ஒண்ணு எடுத்து விடுங்க. விரலுக்கும் நல்லது."

'எனக்கு இவன் சொல்லித் தருகிறானா?' என்று முறைத்தாலும், அன்செல்மோ டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

முதல் பாட்டு முடிவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. யாரோ ஒரு அம்மாள் வாழையிலையில் சுற்றிய சுமான் என்ற அரிசிப் பலகாரத்தைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டினாள். எதிரே நீலக் கதவு வீட்டுப் பெரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உர்ரென்று நின்றார். மூன்றாவது பாட்டில் அவர் காலும் தாளம் போட்டது. அவருக்குப் பின்னாலிருந்து பெட்டியும் கையுமாக ஓர் இளம்பெண் வெளியே வந்து, நேராக ஜீப்னியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இது பேண்டு வண்டி!" பதறினார் அன்செல்மோ.

பவுஸ்தோ பானெட்டைப் படாரென்று மூடினான். தாவி ஏறிச் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"டேய், பிஸ்டன் என்னடா ஆச்சு?"

"அவரைத் திட்டாதீங்க மாஸ்டர்" என்று சிரித்தாள் அந்தப் பெண். "நான் கோவிச்சுக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்து மூணு வாரமாச்சு. பேண்டு வாத்தியத்தோட வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு எம் புருஷன்கிட்ட சொல்லியிருந்தேன்!"