கெட்டித் தரைக்கு எந்தப் பல்?

மச்சான் மாட்டிய பல் அரை மணி நேரத்தில் தேய்ந்து தகடாகிவிட்டது. காண்ட்ராக்டர் அதைக் கழற்றி, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதான் உங்க இருபது வருஷ அனுபவமா மச்சான்?"

மச்சான் என்றால் காண்ட்ராக்டர் மனைவியின் அண்ணன். கான்கிரீட் தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷினை இருபது வருடமாக ஓட்டுகிறவர். அந்த மெஷினுக்கு அடியில் மாட்டுகிற, வைரத்தூள் பதித்த உலோகத் துண்டைத்தான் பல் என்பார்கள்.

காலையில் கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டு ரகம் வந்திருந்தது. ஒன்று ஹார்ட், இன்னொன்று சாஃப்ட். பெரிய குடோன், திங்கட்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

"தரை பாறையா இருக்கு மாப்ள. கெட்டித் தரைக்கு சாஃப்ட் பல்தான். அது தேயத் தேயத்தான் உள்ள இருக்கற புது வைரம் வெளிய வரும். ஹார்ட்டை மாட்டினா வைரம் மழுங்கி, சும்மா வழுக்கிட்டே சுத்தும். அது பொலபொலன்னு இருக்கற தரைக்கு" என்றார் மச்சான்.

"ஆமா, பாறையை உடைக்கப் பஞ்சு மூட்டையத்தான் தூக்கிட்டுப் போவாங்க!"

காண்ட்ராக்டருக்குத் தரையைப் பற்றித் தெரிந்தது, அதன்மேல் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பது மட்டும்தான். ஆனால் மச்சானைக் கழற்றிவிட அவர் வருடக் கணக்காக வழி தேடிக்கொண்டிருந்தார். 'எங்கண்ணனைக் கேக்காம எதையும் வாங்காதீங்க' என்று மனைவி தினமும் ஓதியதில் காது புளித்துப் போயிருந்தது.

"ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். யாரோட பல்லு தோக்குதோ, அவங்க தொழிலை விட்டு விலகிக்கணும். சம்மதமா?" என்றார். தோற்றிருந்தால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றிருப்பார், அது வேறு விஷயம்.

மச்சான் வெள்ளந்தி. "சரி மாப்ள. நடுவுல ஓட்டிப் பாக்கலாம்" என்றார்.

"நடுவுல கீறல் விழுந்தா குடோன் முதலாளிக்கு நீங்களா பதில் சொல்வீங்க? அந்தக் குழாய் ஓர மூலையில ஓட்டுங்க, போதும்."

சாஃப்ட் தேய்ந்த கதையைத்தான் பார்த்தோம். அடுத்து ஹார்ட் பல்லை மாட்டியதும் மெஷின் குதிரையாக ஓடியது. தரையை மளமளவென்று வழித்தெடுத்தது, பல்லில் துளிகூடத் தேய்மானம் இல்லை.

மச்சான் குனிந்து தூளை அள்ளி விரலால் நெருடினார். "என்ன மாப்ள இது, மணலா உதிருது..."

"மணல் உதிருதா, உங்க மானம் உதிருதான்னு வீட்ல போய்ப் பாருங்க. கெளம்புங்க!"

மச்சான் மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுருட்டி வைத்தார். "தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காண்ட்ராக்டர் உடனே கடைக்குப் போன் போட்டார். "மொத்த குடோனுக்கும் ஹார்ட் பல்லையே அனுப்பு. என்னது, திருப்பி எடுக்க மாட்டீங்களா? திருப்பறதுக்காய்யா வாங்கறேன்!"

வெற்றியை யாரிடமாவது பீற்றிக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வாசலில் இருந்த வாட்ச்மேனைக் கைதட்டிக் கூப்பிட்டு, மூலையைக் காட்டினார்.

"பாத்தியாய்யா? பாறை மாதிரி தரை. எப்படி வெண்ணெயா வழிச்சிருக்கேன் பாரு!"

வாட்ச்மேன் பதறிப் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ சார், அது போன வாரம் குழாய் உடைஞ்சப்ப நானே மணலைக் குழைச்சு அப்பின இடம்!"