கேட்ட காற்று

ஸ்ஸ்ஸ்...

சங்குப் படகின் கம்ப்ரசர் குழாயிலிருந்து காற்று கசியும் அந்தச் சத்தத்தை, கிளாடிஸ் எட்டு வயதில் தருவைகுளம் கரையில் கேட்டாள். சங்கு எடுக்கக் கடலில் முங்கப் போன அப்பாவைத் தூக்கி வந்து மணலில் கிடத்தியிருந்தார்கள். இன்னும் ஆழம் போக வேண்டும் என்று அவர் கீழேயிருந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கேட்டாராம். படகில் நின்றவர் குழாயை விட்டுக்கொண்டே இருந்தாராம். அதன்பின் அப்பா நடக்கவில்லை.

கல்யாணமான பிறகு அதே சத்தம் புருஷனின் கார் பட்டறையில் அவளுக்குக் காத்திருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் டர்போ மாட்டிய வண்டி எதுவும் காற்றை விடும்போது, ஒரு நொடி அவள் கைவேலை நின்றுவிடும்.

அன்று மதியம் சோற்றுத் தூக்கோடு அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது கேட்டது வேறு சத்தம்.

"திருட்டுப் பட்டறை வே இது!"

செந்தூர்வேல். உப்பு வியாபாரி ராஜதுரை அண்ணாச்சியின் ஒரே பிள்ளை. கூட நாலு கூட்டாளிகள். ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் தங்கதுரை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். செந்தூர்வேல் மேலும் கத்தினான்.

"டர்போ ரெண்டு பார் அழுத்தம் தரணும்னு கேட்டேன். மீட்டர்ல முள்ளும் ரெண்டுக்குப் போச்சு. நானும் ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேன், சும்மா நிக்கும்போதே முள்ளு ஒண்ணுல நிக்கி, எமன் வண்டின்னு!"

கூட்டாளி ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதல! மதுரையில ஒருத்தன் கேக்கான், சும்மா நிக்கிற வண்டிக்கு ஒரு பார் எங்கேருந்து தம்பி வரும்னு. அது வெளியில இருக்கிற காத்தாம். உம்ம மேலயும் என் மேலயும், அந்தா நிக்கிற கழுதை மேலயும் இருக்கிற காத்து. அதையும் சேத்துக் காட்டுற மீட்டரை மாட்டி விட்டிருக்கீரு. டர்போ தர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஆமாவா, இல்லையா?"

"ஆமா" என்றான் தங்கதுரை.

கிளாடிஸுக்கு முகம் எரிந்தது. தங்கதுரை கை வைத்தால் தப்பாது என்று இருபது வருடமாக ஊர் சொல்லிவந்த பேர். அதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

அதற்குள் ராஜதுரை அண்ணாச்சியே வந்துவிட்டார். வந்த வேகத்தில் மகன் வண்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்த மீட்டரைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

"ஏலே, எம்பிள்ளையவா ஏமாத்துத? உன்னை நம்பித்தானல விட்டேன்! இனி எவன் இங்கன வண்டி விடுதான்னு பாக்கேன்!"

தங்கதுரை உடைந்த கண்ணாடியை யாரும் மிதித்துவிடாமல் காலால் ஓரமாக ஒதுக்கினான்.

"விடுங்கப்பா. நாளைக்கே கோயம்புத்தூர் போறேன். அங்க ரெண்டரையே வைப்பாங்க" என்றபடி செந்தூர்வேல் வண்டியைக் கிளப்பினான்.

கூட்டம் கலைந்ததும் கிளாடிஸ் கேட்டாள்.

"பொய் மீட்டரா மாட்டுனீங்க?"

"மீட்டரு பொய் சொல்லல."

"அப்போ நீங்க?"

"நான் சொன்னேன்."

"எதுக்கு?"

அவன் தூக்கைத் திறந்தான். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். செம்பு நிறைவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ராஜதுரை. தனியாக. உள்ளே இருந்தவளை அவர் பார்க்கவில்லை.

"தங்கதுரை... நான் சும்மா நின்னா, மீட்டரை மாத்தச் சொன்னது நான்தான்னு அவன் கண்டுபிடிச்சிருவான்லா. அதான் அப்படிப் பேசிட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதுக்குப் போன வருஷம் பதினோரு நாள் வீட்டுக்கு வரல. அவன் ஆத்தா சோறு திங்கல. அவன் கேக்க வேகத்துல பைபாஸ்ல போனான்னா, பிள்ளை எனக்குத் திரும்பி வராது. கோயம்புத்தூர்ல உனக்கு ஆளு யாரும் உண்டுமா?"

தங்கதுரை எழுந்து கையைக் கழுவினான். போனை எடுத்தான்.

"நயினார் அண்ணனா? தூத்துக்குடி தங்கதுரை பேசுதேன். டர்போ வேலைன்னா அங்க உங்ககிட்டதான வருவாங்க. நாளைக்கு செந்தூர்வேல்னு ஒரு தம்பி வரும். என்னைத் திருடன்னு சொல்லும். நீங்களும் ஆமான்னு சொல்லிருங்க, அப்பதான் உங்களை நம்பும்... முள்ளை மட்டும் ஏத்துங்கண்ணே. காத்தை ஏத்தாதீங்க."

ராஜதுரை கும்பிட்டார். பிறகு வாசலில் நின்று, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கிளாடிஸ் செம்பை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்கப்பாவுக்குக் குழாய் விட்டாரே, அவரை யாரும் திருடன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"ம். கேட்டதைக் குடுத்தாருல்லா" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தான்.

செல்போனில் பிடித்த படம் ஊரெல்லாம் சுற்றியது. அந்த மார்கழிக்குள் பட்டறையை மூடியாயிற்று. இது நடந்து நாலு வருடம் ஆகிறது. தங்கதுரை துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு டயரில் காற்று பார்க்கிறான்.

செந்தூர்வேல் நன்றாக இருக்கிறான். போன வாரம் திருச்செந்தூரில் மகளுக்குக் காது குத்தினான்.