சிவப்பு ஒயர்

தடியன் பாதிக் கோட்டில் நின்றுவிட்டான்.

தடியன் எங்கள் பள்ளியின் ரோபோ. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போய், தலையில் இருக்கும் ஒரு ஜோடி செருப்பைக் கோட்டின் கோடியில் உள்ள கவுண்டரில் சேர்க்க வேண்டும். கோவிலுக்கு வருகிறவர்கள் செருப்பைத் தேடி அலையக் கூடாது என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலிருந்து கன்னிகா, ஹர்ஷினி, அஷ்வின், நான் என நான்கு பேர் சேர்ந்து செய்தது.

சித்தூரில், போட்டி நடந்த மண்டபத்தில், மதியம் மூன்று மணிக்கு அவன் செருப்பைச் சுமந்தபடி சும்மா நின்றான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் தருவார்கள். அதற்குள் சரிசெய்து ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பூஜ்யம்.

போன வருடமும் பூஜ்யம்தான். இந்த முறையும் அதுவே என்றால் ரோபோ அறையைக் காலிசெய்து கொடுத்துவிடுங்கள் என்று தலைமை ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மோட்டார்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சிவப்பு ஒயர். பள்ளியில் பயிற்சியின்போது எத்தனையோ நாள் இப்படித்தான் நின்றிருக்கிறான். நான் மூடியைக் கழற்றி, ஒயரை முறுக்கி, திரும்ப மாட்டுவேன். ஓடுவான்.

ஆனால் நான் பார்வையாளர் வரிசையில், யாரோ இருவரின் பெற்றோருக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் அந்தக் காகிதத்தால் வந்த வினை. ஜூன் மாதம் ரோபோ அறையைப் பார்த்துக்கொள்ளும் சிட்டிபாபு சார் எங்களை இந்த வருட இலக்குகளை எழுதச் சொன்னார். ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் அதை எப்படி அளப்போம் என்றும் எழுத வேண்டும். 'நன்றாகச் செய்வோம்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார். பத்து முறை ஓட்டினால் எட்டு முறையாவது செருப்பு போய்ச் சேர வேண்டும் என்று நான் எழுதினேன்.

இரண்டாவது இலக்கைக் கன்னிகா எழுதினாள். 'மைத்ரேயி இல்லாமல் ஓட்ட வேண்டும். அளவு: போட்டியன்று அவள் களத்தில் இறங்கக் கூடாது.'

மைத்ரேயி நான்தான். ஓட்டெடுப்பில் மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான்தான்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. போன வருடம் போட்டியன்று திருச்சானூர் கோவிலில் அப்பா பூஜை செய்யும் முறை. முறை வந்தால் எங்கள் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் கோவிலில் வேலை இருக்கும், நான் வர முடியவில்லை. இவர்கள் மூவரும் எந்தத் திருகைத் திருப்புவது என்றுகூடத் தெரியாமல் களத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். தப்பு என்னுடையது. ஒருத்தரையும் தடியனைத் தொடவிட்டதில்லை. திமிர்தான், வேறென்ன.

கீழே ஹர்ஷினி ஸ்க்ரூடிரைவரோடு மூடிப் பக்கம் குனிந்தாள். என்னைப் பார்த்துக் கற்றவள். அப்பாடா என்று இருந்தது.

கன்னிகா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கன்னிகா தன் நோட்டைப் புரட்டினாள். ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். நடுவரிடம் ஏதோ கேட்டாள். அவர் விதிகள் அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். தடியனைக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து அஷ்வினிடம் கொடுத்தாள். அவன் அதை உற்சவருக்குக் குடை பிடிப்பதுபோல் தடியனின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை, இவர்களுக்கு விளையாட்டு! நான் எழுந்துவிட்டேன். "கூர்ச்சோ அம்மா" என்று பின்னாலிருந்தவர் தெலுங்கில் அதட்டியதும்தான் உட்கார்ந்தேன்.

தடியன் நகர்ந்தான்.

அஷ்வின் அட்டையோடு கூடவே நடந்தான். தடியன் வளைவைத் தாண்டினான். கவுண்டர் வந்தது. செருப்பு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பதினான்கு பள்ளிகளில் ஆறாவது இடம். அறை பிழைத்தது.

முடிவு சொன்ன பிறகு கீழே ஓடினேன். போன வேகத்தில் சிவப்பு ஒயர்தானே, எப்போது முறுக்கினீர்கள் என்று கேட்டேன். கன்னிகா நோட்டை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு ஓட்டத்தையும் அளந்து எழுதுவது அவள் வேலை. குமாஸ்தா வேலை என்று நினைத்து நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு நின்றது, மூன்றரைக்கு ஓடியது. மூன்று இருபத்தொன்பதுக்கு நின்றது, மூன்று முப்பத்தைந்துக்கு ஓடியது. பக்கம் பக்கமாக இதேதான். காலையில் ஓட்டிய நாட்களில் ஒருமுறைகூட நின்றதில்லை. மேகம் போட்ட நாட்களிலும் நின்றதில்லை.

"சென்சார் மேல வெயில் அடிச்சா அதுக்குக் கோடு தெரியாது மைத்தி," என்றாள் கன்னிகா. "நீ ஒயரை முறுக்கி முடிக்கறதுக்குள்ள வெயில் செவுத்துக்கு அந்தாண்ட போயிடும். அப்புறம் அதுவா ஓடும்."

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம். இருந்தாலும் விடவில்லை, இத்தனை மாதமாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே, மூணு வாட்டி," என்று சிரித்தாள். "நீதான் ஒயரை முறுக்கிக்கினு இருந்த."