வலது கால்

சங்ககிரியிலிருந்து மூன்று நாள் வடக்கே லாரி ஓட்டி, லோடு இறக்கிய கையோடு தேசிய தடகளப் போட்டிக்கு வந்திருந்தான் குழந்தைவேல். காலரியின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. மகள் மேகலா நானூறு மீட்டரில் முதல் மூன்றுக்குள் வந்தால் ரயில்வேயில் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் தறிப்பட்டறை. துப்பாக்கி வெடித்ததும் அவன் வலது கால், ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் தரையை அழுத்தியது.

கடைசி வளைவில் அவள் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க மாமா, நல்லா மிதிங்க," என்றாள், மகளோடு ரயிலில் வந்திருந்த மனைவி சரசு. "புள்ளைக்கு மேடு வந்திருச்சு."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தான். செருப்பு வார் அறுந்தது. கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கியது.

"எத்தனாவது?"

"நாலாவதுங்க மாமா. போதும்," என்றாள் சரசு. குனிந்து, இரண்டு கைகளாலும் அவன் காலைத் தரையிலிருந்து தூக்கினாள்.