விரட்டுகிற குரல்

சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர்களைப் பற்றிய அந்த ஆவணப்படம் வந்த பிறகு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிகளில்கூட ஒரு புது வழக்கம் ஏற்பட்டுவிட்டது. படத்தில் பேசிய அத்தனை பேரும், இறந்துபோன சொந்தக்காரர் ஒருவர் எதிரே வந்து தங்களை விரட்டியடித்ததாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் நினைவு தப்பிக் கிடப்பவர்களின் காதில், இறந்துபோன உறவின் குரலைக் கணினியில் உருவாக்கித் திட்ட வைத்தார்கள்.

சுபிக்ஷாவின் கணவன் நவீனுக்கு அவன் அம்மாவின் குரல் தயாரானது.

"ஏலே, இங்க உனக்கு என்னலே வேலை? வீட்டுக்குப் போ!"

சுபிக்ஷாவுக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை அவங்கள ஒருநாளும் இப்படி ஏசுனதில்ல சிஸ்டர். எப்பவும்போல ஆசையாப் பேசட்டும்," என்று மன்றாடி மாற்ற வைத்தாள்.

"வாய்யா ராசா, சாப்ட்டியா?" என்றது குரல்.

வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த நவீனின் முகம் மலர்ந்தது. அன்று மாலையே போய்விட்டான். திட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

வருஷத் திதி முடிந்ததும், மகள் தியாவுக்காகத் தன் குரலை இப்போதே பதிந்துவைக்கப் போனாள்.

"ஏட்டி, இங்க உனக்கு என்னட்டி வேலை? வீட்டுக்குப் போ!"

பக்கத்தில் நின்ற தியா மிரண்டுபோய், "ஏம்மா ஏசுத?" என்று அழுதாள்.

அவளை அள்ளப்போன கையை சுபிக்ஷா மடக்கிக்கொண்டாள்.

"கடைசில குரல் கொஞ்சம் இளகிட்டு," என்றாள் பதிபவரிடம். "இன்னொரு தடவை எடுங்க."