பன்னெண்டு இஞ்ச்

“தெருவே எழுந்து நிக்கணும் சார். அதுக்குப் பேருதான் சப்வூஃபர்!” என்றார் கார் ஸ்பீக்கர் கடைக்காரர்.

கணவன் முகத்தில் பல்பு எரிந்தது. மனைவி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவள் தோளில் கைக்குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

“கார்ல சப்வூஃபர் போடறது இதான் எனக்கு முதல் தடவை. ஆம்ப்ளிஃபயர்னா என்னன்னுகூடத் தெரியாது. எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க,” என்றான் கணவன்.

ஆடு கசாப்புக் கடைக்குள் நுழைந்து வழி கேட்பது போலிருந்தது அவளுக்கு.

“யோசிக்கவே வேணாம். பன்னெண்டு இஞ்ச். பெரிய பெட்டி, அதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர். டிக்கில கச்சிதமா உக்காந்துக்கும்.”

“டிக்கில பாப்பாவோட தள்ளுவண்டி இருக்கே?” என்றாள் அவள்.

“மடில வச்சுக்கலாம் மேடம்.”

“எதை? பாப்பாவையா, வண்டியையா?”

“ரெண்டையும்தான்!”

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் விடவில்லை. “இவ்வளவு பெருசு போட்டா பேட்டரி சீக்கிரம் இறங்கிடும்கிறாங்களே?”

“யாரோ கிளப்பிவிட்ட புரளி மேடம்.”

“பாப்பாவுக்குக் காது?”

“பழகிடும் மேடம்.”

இந்த ஆள் பெற்ற தாயைக்கூடப் பெட்டியில் போட்டு விற்றுவிடுவார் என்று தோன்றியது அவளுக்கு. கணவன் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, ப்ளீஸ். பாப்பா அழுற அழுகைக்கே எப்போ வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு உயிர் போகுது. இதுல இது வேறயா?”

“சார், இவ சரியான பயந்தாங்கொள்ளி,” என்றான் கணவன். “பாப்பா அழுதா சுவரைப் பார்த்து ‘ஸாரி, ஸாரி’ம்பா. அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியாது. சுவர் என்ன உன் ஹெட்மிஸ்ட்ரஸா?”

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தபடியே பில் புத்தகத்தைப் பிரித்தார்.

“அட்ரஸ் சொல்லுங்க சார். பையனை அனுப்பி வீட்டுலயே மாட்டித் தரச் சொல்றேன்.”

“தையல்கடைக்குப் பக்கத்துல, பச்சை கேட்டு. கார் வீட்டுக்குப் பின்பக்கம் சுவரை ஒட்டி நிக்கும்.”

பேனா நின்றது.

கடைக்காரர் நிமிர்ந்தார். கணவனைப் பார்த்தார். குழந்தையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“சார், பெரிய பெட்டி வச்சுட்டா பாப்பாவோட தள்ளுவண்டியை எங்க வைப்பீங்க?”

“மடில...” என்று ஆரம்பித்தான் கணவன்.

“விளையாடாதீங்க சார். பேட்டரி வேற படுத்துடும். பச்சைக் குழந்தை காது என்ன ஆகுறது? முதல் தடவை வாங்குறவங்களுக்கு இதோ, இது போதும். எட்டு இஞ்ச். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கு. சீட்டுக்கு அடியில போயிடும். கண்ணாடியை ஏத்திவிட்டா வெளிய ஒரு ஈ காதுக்குக்கூடக் கேக்காது.”

“தெரு எழுந்து நிக்காதா?”

“தெரு தூங்கட்டும் சார்!”

கணவன் முணுமுணுத்துக்கொண்டே சின்னதை வாங்கினான். “பிழைக்கத் தெரியாத ஆளு,” என்று அவள் காதைக் கடித்துவிட்டுக் காரை எடுக்கப் போனான்.

அவளுக்குக் கண் கலங்கியது. தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு யாரோ ஒரு குழந்தைக்காகப் பேசுகிற மனுஷன்! இவரையா அப்படி நினைத்தோம்?

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்தார். அவருக்கும் சப்வூஃபர்தான் வேண்டுமாம்.

“முதல்ல வீடு எங்கன்னு சொல்லுங்க சார்,” என்றார் கடைக்காரர்.

“மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்.”

“அப்ப பன்னெண்டு இஞ்சே போட்டுடலாம். தெருவே எழுந்து நிக்கும்!”

அவள் திரும்பி வந்தாள். “அவருக்கு மட்டும் பேட்டரி படுக்காதா?”

கடைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், உங்க வீட்டு வாசல் முன்தெரு, என் வீட்டு வாசல் பின்தெரு. நடுவுல இருக்கறது ஒரே சுவர்தான். அதுக்கு இந்தப் பக்கம்தான் என் கட்டில்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரம் பார்த்துத் தோளில் இருந்த குழந்தை வீறிட்டது.

“ஸாரி!” என்றாள் பதறிப்போய்.

“பரவாயில்ல மேடம். இதையேதான் நானும் தினம் சுவத்துக்கிட்ட சொல்றேன், உங்களுக்குத்தான் கேக்கலை. பாப்பா வளர வளர அழுகை நின்னுடும்.”

வாசலில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்த கணவனை எட்டிப் பார்த்தார்.

“சார்தான் ஏற்கெனவே வளர்ந்துட்டாரே!”