குப்பைத்தொட்டிப் பாடம்

மணி அடித்துப் பத்து நிமிடமாகிறது. புள்ளியியல் வகுப்பிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. கதவுக் கண்ணாடி வழியே வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருடமாகச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறவன் நான். என் வகுப்பில் கடைசி வரிசை தூங்கும். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியல்காரியோ எங்கள் துறையின் குப்பைத்தொட்டியை மேசைமேல் கவிழ்த்திருக்கிறாள். சாயங்கால வெயிலில் தூசி மினுங்குகிறது. கசங்கிய தாள்களை மாணவர்கள் நீவி நீவி எண்ணுகிறார்கள். "மேடம், ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சது நூத்திப்பன்னெண்டு," என்கிறாள் ஒருத்தி. "எல்லாம் ஒரே நோட்ஸ். தலைப்பைப் பாருங்க, காகிதத்தைச் சேமிப்போம்." வகுப்பே சிரிக்கிறது. "யாரு மேடம் இந்தப் புண்ணியவான்?" என் கையெழுத்து இருக்கும் ஒரே தாள் புள்ளியியல்காரி கையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நிமிர்கிறவள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னைப் பார்க்கிறாள். "யாரா இருந்தா என்ன, எண்ணிக்கைதான் நமக்கு முக்கியம்," என்று தாளைக் குப்புறப் போட்டு, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதுகிறாள். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாள், பாவி.